ஆண்டிச்சாமி ஒரு விரற்கடை வளர்ந்தது

முப்பத்தெட்டு வயது வரைக்கும் ஆண்டிச்சாமி தனக்கு முதுகு என்று ஒன்று இருப்பதை நினைத்ததே இல்லை. அது பின்னால் கிடக்கிற சமாசாரம், குளிக்கும்போது கை எட்டாத இடம், அவ்வளவுதான். அவன் நினைப்பெல்லாம் தோளில். வலது தோளில், கழுத்துக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் காய்த்துக் கறுத்திருக்கும். சும்மா இருக்கிற நேரமெல்லாம் அதைத் தடவிக்கொண்டே இருப்பான். "ஆத்தா உக்காந்த எடம்" என்று பெண்டாட்டி இருளாயியிடம் பீற்றிக்கொள்வான்.

"ஆத்தா பல்லக்குலதான் உக்காந்தா. உன் மேல உக்காந்தது மரக்கட்டை" என்பாள் இருளாயி. அவளுக்கு வாய் எப்போதும் தயாராக இருக்கும்.

மதுரையில் வைகையின் தென்கரையில் நீர்காத்த அம்மன் என்று ஒரு சின்னக் கோயில். பெரிய கோயில் திருவிழாவுக்கு வண்டி கட்டிக்கொண்டு வருகிற ஜனத்துக்கு இப்படி ஒரு கோயில் இருப்பதே தெரியாது. சுற்றியிருக்கிற நான்கு தெருக்காரர்களுக்கோ அதுதான் பெரிய கோயில். சித்திரையில் ஒருநாள் விடியற்காலையில் அம்மன் பல்லக்கேறி ஆற்று மணலுக்குப் போய், வெயில் சுடுமுன் திரும்பிவிடுவாள். பல்லக்குக்கு இரண்டு தண்டு. ஒவ்வொரு தண்டிலும் முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், ஆக எட்டுப் பேர். முன்வரிசையில் இடத் தண்டு ஆண்டிச்சாமிக்கு, வலத் தண்டு பால்பாண்டிக்கு. பதினைந்து வருஷமாக அந்த ஜோடி மாறவில்லை.

ஜோடி என்பதை அந்தக் கோயிலில் விளையாட்டாகச் சொல்வதில்லை. கொடியேற்றத்தன்று 'தோள் பார்ப்பது' என்று ஒரு வழக்கம் உண்டு. ஜோடி இரண்டு பேரும் சட்டையில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். இருவர் தோளிலும் படுகிற மாதிரி ஒரு பலகையை வைத்து, அதன் நடுவில் விளிம்பு தட்ட மஞ்சள் நீர் நிறைத்த தாம்பாளத்தை வைப்பார்கள். தண்ணீர் அசையாமல் நின்றால் ஜோடி பொருத்தம். ஒரு பக்கம் வழிந்தால் அந்தப் பக்கத்து ஆள் குட்டை. பல்லக்கு அவன் பக்கம் சாயும். தோளுக்கும் தண்டுக்கும் நடுவில் துணி, சும்மாடு எதுவும் வைக்கக் கூடாது என்பதால் குட்டையை நெட்டையாக்க வழியும் கிடையாது. ஆண்டிச்சாமி, பால்பாண்டி தாம்பாளம் மட்டும் வருஷா வருஷம் கண்ணாடி மாதிரி நிற்கும். கோயில் காரியங்களைப் பார்க்கும் சிவனாண்டி மாமா, "புருசன் பொண்டாட்டிக்குக்கூட இம்புட்டுப் பொருத்தம் பாத்ததில்லைடா" என்பார்.

பிழைப்பிலும் இரண்டு பேரும் ஜோடிதான். பால்பாண்டிக்கு ஒற்றை மாட்டு வண்டி. சோழவந்தான் கொடிக்காலிலிருந்து வெற்றிலைக் கூடைகளை ஏற்றிக்கொண்டு மண்டிக்கு வருவான். மண்டியில் அதை நூறு நூறாக எண்ணிக் கவுளி கட்டி அடுக்குகிறவன் ஆண்டிச்சாமி. காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை குனிந்த தலை நிமிராது. வருஷத்தில் ஒருநாள் அம்மனுக்குக் கொடுத்த தோளை மற்ற நாளெல்லாம் வெற்றிலைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான் என்று சொல்லலாம். அவன் அதைக் கவனிக்கவில்லை. நம்மில் யார்தான் கவனிக்கிறோம்?

முதுகு தன் இருப்பைக் காட்டிக்கொண்டது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் சித்திரையில். ஆற்று மணலிலிருந்து திரும்பிப் படித்துறையில் ஏறும்போது, மூன்றாவது படியில், இடுப்புக்கு மேலே யாரோ கதவைச் சாத்திய மாதிரி ஒரு வலி. முழங்கால் மடங்கிக் கல்லில் மோதியது. பல்லக்கு சாய்ந்து, அம்மன் கழுத்து மாலை சரிந்து விழுந்தது. பால்பாண்டி சட்டென்று நகர்ந்து தன் தோளையும் முதுகையும் கொடுத்துத் தாங்கியிருக்காவிட்டால் அம்மனே விழுந்திருப்பாள். ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சிவனாண்டி மாமா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மாலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிவிட்டு, "இந்த வருசம் ஆத்தா பொறுத்துக்கிட்டா. அடுத்த வருசம் உனக்கு நிக்க முடிஞ்சா நில்லு. முடியலேன்னா அந்த எடத்துக்கு வேற ஆள் இருக்கு" என்றார். ஆண்டிச்சாமிக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்தத் தண்டை எடுத்துவிட்டால் அவன் யார்? வெற்றிலை எண்ணுகிறவன். மண்டியில் அவனைப் போல் இன்னும் ஆறு பேர் உண்டு.

எண்ணெய் தடவினார்கள். நொச்சி இலை வேகவைத்து ஒத்தடம் கொடுத்தார்கள். வைத்தியர் ஒருவர் இடுப்பைப் பிடித்துத் திருகியதில் இருந்த வலி இரண்டாகி ஒன்று காலுக்கு இறங்கிற்று. ஆனி கழிந்து ஆடியும் பிறந்தது. ஆண்டிச்சாமி சுவரைப் பிடித்துத்தான் எழுந்தான்.

இருளாயி கோரிப்பாளையம் முக்கில் வெற்றிலைக் கூடை வைத்து வியாபாரம் செய்வாள். பாலத்துக்கு அந்தப் பக்கம், தர்காவுக்குப் போகிற கூட்டமும் வண்டிகளும் ஓயாத இடம். அங்கே தினமும் வெற்றிலை வாங்க வருகிறவள் முத்துத்தாய். ஐம்பது வயதைத் தாண்டியவள். வண்டிகளுக்கும் பந்தல்களுக்கும் கித்தான் தைத்துப் பிழைக்கிறவள். இருளாயி அவளிடம் ஒன்றைக் கவனித்தாள். முத்துத்தாய் கூடைக்கு முன்னால் குந்தி உட்காருவாள்; வெற்றிலையைப் பொறுக்குவாள்; எழுந்திருப்பாள். கை தரையில் படாது, முழங்காலில் படாது, 'அப்பாடா' என்று ஒரு சத்தமும் வராது. புகை எழும்புகிற மாதிரி எழும்புவாள்.

"யக்கா, எம்புட்டு நாளாக் கேக்கணும்ண்டு நெனச்சேன். நீ என்னத்தத் திங்கிற?" என்று இருளாயி ஒருநாள் கேட்டேவிட்டாள்.

முத்துத்தாய் சிரித்தாள். ஒன்பது வயதில் சர்க்கஸ் கம்பெனியில் சேர்ந்தவள் அவள். ரங்கூன், சிங்கப்பூர் என்று கப்பலேறிப் போனவள். முப்பத்தைந்து வயதில் ஊஞ்சல் கம்பியிலிருந்து விழுந்து இடுப்பு போயிற்று. கம்பெனியில் ஒரு வெள்ளைக்காரப் பயில்வான் இருந்தானாம். முதல் உலகச் சண்டைக் காலத்தில் எங்கோ ஒரு தீவில் கைதியாக அடைபட்டுக் கிடந்தவன். அங்கே கூட இருந்த ஒருவன், எழுந்திருக்க முடியாத நோயாளிகளைப் படுத்த இடத்திலேயே மூச்சு விடவும் கால் அசைக்கவும் பழக்கி எழுப்பினானாம். அந்தப் பாடம் அவனிடமிருந்து பயில்வானுக்கு வந்து, பயில்வானிடமிருந்து முத்துத்தாய்க்கு வந்தது. அவள் எட்டு மாதத்தில் எழுந்து நடந்தாள். மறுபடி ஊஞ்சலில் ஏறவில்லை என்றாலும் பயிற்சியை மட்டும் விடவில்லை.

"என் வீட்டுக்காரருக்குச் சொல்லித்தாயேன்" என்றாள் இருளாயி.

"ஆம்பளைக்கு நான் சொல்லித்தந்தா இந்த முக்குல எனக்கு வேற பேரு வைப்பாங்க. உனக்குச் சொல்லித்தாரேன். நீ போயி அவருக்குச் சொல்லு."

இப்படித்தான் அந்தப் பாடம் ஆற்றைக் கடந்து தென்கரைக்கு வந்தது. இருளாயி எட்டு நாள் மத்தியானத்தில் முத்துத்தாய் வீட்டில், தைக்கக் கிடந்த கித்தான் மேல் படுத்துப் பழகினாள். இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்றபின் தன் வயிறு தன்னுடையதாகவே இல்லை என்று நினைத்திருந்தவளுக்கு அது திரும்பக் கைக்கு வந்த மாதிரி இருந்தது. ஒன்பதாம் நாள் காலையில், இன்னும் யாரும் எழுந்திராத நேரத்தில், புருஷனை எழுப்பிக் கோரைப்பாயை விரித்தாள்.

"படுய்யா."

"இப்பத்தான எந்திரிச்சேன்?"

"மல்லாந்து படு. முழங்காலை மடக்கி வையி. கையை விலாவுல வையி. மூச்சு விடு."

"இம்புட்டு நாளும் என்னத்த விட்டுக்கிட்டிருந்தேன்?"

"அது ஏதோ விட்டுக்கிட்டிருந்த. இப்ப விலாவுக்கு விடு. ரெண்டு பக்கமும் விரியணும். வெளிய விடும்போது வேட்டி கட்டுறப்ப இழுக்கிற மாதிரி வயித்த உள்ள இழு. மூச்சை மட்டும் பிடிச்சு வச்சுக்கிறாத."

பதினைந்து வருஷம் பல்லக்குச் சுமந்தவனுக்கு அதுதான் வரவில்லை. அவனுக்குத் தெரிந்த பலமெல்லாம் பல்லைக் கடித்து மூச்சை அடக்குகிற பலம். முதல் நாள் காலைத் தூக்கச் சொன்னால் கழுத்து நரம்பு புடைத்தது, முகம் கறுத்தது. "பல்லக்கா தூக்குற? காலுதான? அதுபாட்டுக்கு எந்திரிக்கட்டும், நீ பேசாம இரு" என்றாள் இருளாயி. இரண்டாம் நாள் அவனுக்கு ஆர்வம் பொங்கிற்று. ஒரு தடவை செய்தால் ஒரு பங்கு நல்லது, மூன்று தடவை செய்தால் மூன்று பங்கு நல்லது என்று கணக்குப் போட்டு, அவள் கோரிப்பாளையம் போன பிறகு இன்னும் இரண்டு தடவை செய்தான். அடுத்த மூன்று நாள் திரும்பிப் படுக்கக்கூட முடியவில்லை. முத்துத்தாயிடமிருந்து ஆற்றைக் கடந்து பதில் வந்தது: ஒரு நாளைக்குக் கால் மணி நேரம், வெறும் வயிற்றில், வலிக்கிற இடத்துக்கு முந்தின இடத்தில் நிறுத்து.

அப்புறம் அவன் அதன் வழிக்கு வந்தான்.

அந்தக் காலை நேரங்களை எப்படிச் சொல்வது? கூரையில் ஓடுகளுக்கு நடுவில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு இருந்தது. பொழுது புலரும்போது அதன் வழியாக முதலில் நீலமாக ஒரு வெளிச்சம் வரும். பிறகு பால் நிறமாகும். அப்புறம் மஞ்சளாகிப் பாய்க்கு இறங்கும். ஆண்டிச்சாமி மல்லாந்து கிடந்தபடி அது தன் வயிற்றின் மேல் ஊர்வதைப் பார்ப்பான். மூச்சை இழுத்தால் வெளிச்சம் விரியும், விட்டால் சுருங்கும். வெளியே முதல் வண்டியின் கடையாணிச் சத்தமும், யாரோ வாசல் தெளிக்கிற சத்தமும், ஆற்றுப் பக்கம் துணி துவைக்கிற சத்தமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவன் மூச்சுக்குள் நுழைந்து வெளியே போகும். தானே ஊருக்காக மூச்சு விடுகிற மாதிரி அவனுக்கு ஒரு மயக்கம்.

'நூறு' என்று ஒரு பயிற்சி. இரண்டு காலையும் தூக்கி, தலையையும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, நீட்டிய கைகளைத் தண்ணீரைத் தட்டுகிற மாதிரி மெல்லத் தட்ட வேண்டும். ஐந்து தட்டுக்கு மூச்சை இழு, ஐந்து தட்டுக்கு விடு. பத்து மூச்சில் நூறு தட்டு. எண்ணிக்கை என்றால் ஆண்டிச்சாமியிடம் யார் நிற்க முடியும்? ஒரு கவுளி வெற்றிலை அது. கண்ணை மூடினால் பச்சைப் பசேலென்று இலை மேல் இலையாக விழும். ஆரம்பத்தில் இருபதுக்குமேல் வயிறு நடுங்கிற்று. கார்த்திகையில் அறுபது. தை பிறக்கும்போது முழுக் கவுளி.

அவனுக்கு ரொம்பப் பிடித்தது வேறு ஒன்று. உட்கார்ந்த நிலையிலிருந்து, முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாகப் பாயில் படுக்கவைத்துக்கொண்டே போக வேண்டும். இடுப்புக் கணு, அதற்கு மேல் கணு, அதற்கு மேல். முதல் மாதம் அவனுக்கு முதுகு ஒரே பலகையாகத் தடாலென்று விழுந்தது. மார்கழியில் ஒருநாள், நடுவில் எங்கேயோ, இதுவரை இல்லாத ஒரு கணு தானாகப் பாயைத் தொட்டது. "ஏய், புதுசா ஒண்ணு வந்திருக்கு!" என்று கத்தினான். அடுப்படியிலிருந்து ஓடிவந்த இருளாயி பிள்ளைதான் பிறந்துவிட்டதோ என்கிற மாதிரி விசாரித்தாள். இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்து சிரித்தார்கள். கல்யாணமான புதிதில்கூட அப்படிச் சிரித்ததில்லை.

படுத்தால் தூக்கம் வந்தது. மண்டியில் குனிந்து உட்கார்ந்தாலும், கவுளிக்கு ஒருதரம் முதுகு தானாக நிமிர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டது. பாலத்தில் நடக்கும்போது கால்கள் இடுப்பில் தொங்குகிற மாதிரி லேசாக இருந்தன. சள்ளென்று விழுகிற குணம் குறைந்தது. மண்டிக்காரர்களே அதைச் சொன்னார்கள். மாசியில் ஒருநாள் வீட்டுக்குள் நுழையும்போது நிலைப்படி மேல்கட்டை அவன் நெற்றியில் இடித்தது. பதினெட்டு வருஷமாக நுழைகிற வாசல். "நெலை எறங்கிருச்சு போல. ஆசாரியக் கூப்பிடணும்" என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். இருளாயி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

இதையெல்லாம் பால்பாண்டியிடம் அவன் மூச்சுவிடவில்லை. சர்க்கஸ்காரி சொல்ல, பெண்டாட்டி காட்ட, பாயில் படுத்துக் காலாட்டுகிறான் என்று மண்டியில் தெரிந்தால் அவ்வளவுதான், பேரன் பேத்தி எடுக்கிற வரைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள் என்று பயம். "அண்ணன்கிட்ட மட்டுமாச்சும் சொல்லுய்யா. அவருக்கும் முதுகு சரியில்லை, பாத்தாலே தெரியுது" என்று இருளாயி இரண்டு தடவை சொன்னாள். "அவனுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கான். திருவிழா முடியட்டும், சொல்றேன்" என்றான் ஆண்டிச்சாமி. பால்பாண்டி கூடையை இறக்கிவைத்துவிட்டு, "மாப்ள, மொகத்துல ஒரு தெளிவு தெரியுது. ஆத்தா கண்ணைத் தொறந்துட்டா" என்று சந்தோஷப்படுவான். அப்போதெல்லாம் ஆண்டிச்சாமி வெற்றிலையைப் பார்த்துக் குனிந்துகொள்வான்.

முப்பத்தேழாம் வருஷம் கொடியேறியது. கோயில் முற்றத்தில் நான்கு தெரு ஜனமும் கூடியிருந்தது. முன்வரிசை ஜோடிக்குத்தான் முதலில் தோள் பார்க்க வேண்டும். ஆண்டிச்சாமி சட்டையைக் கழற்றிப் பால்பாண்டிக்குப் பக்கத்தில் நின்றான். உள்ளங்கால் தரையில் பரவி ஊன்ற, விலா விரிய, முதுகு கணுக் கணுவாக எழும்பி நின்றது. இனி விழமாட்டேன் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டான். பலகை தோளில் வந்து உட்கார்ந்தது. தாம்பாளம் வைத்தார்கள்.

தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தான். மஞ்சள் நீர் மொத்தமும் பால்பாண்டி பக்கம் ஓடி, அவன் காலில் கொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவை வைங்க" என்றார் சிவனாண்டி மாமா. அதற்குள் ஆண்டிச்சாமிக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. நிலைப்படி இறங்கவில்லை, அவன்தான் ஏறியிருக்கிறான். குனிந்துவிடலாம் என்று பார்த்தான். போன வருஷம் வரை தானாக வந்த கூன் இப்போது எப்படி என்று மறந்துவிட்டது. தோளைத் தொங்கப் போட்டால் விலா ஏறியது, இடுப்பை வளைத்தால் மூச்சு வந்து நிமிர்த்திவிட்டது. ஒன்பது மாதம் பழக்கிய உடம்பு அவன் பேச்சைக் கேட்க மாட்டேன் என்றது. இரண்டாவது தடவையும் தண்ணீர் அதே பக்கம்தான் போயிற்று.

"பால்பாண்டி, நிமுந்து நில்லுடா" என்றார் மாமா.

"நிமுந்துதான் மாமா நிக்கேன்."

"நல்லா நிமுருடா. நீயும் இவனும் ஒரே ஒசரந்தானடா?"

பால்பாண்டி முயன்றான். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் கறுத்தது, பல்லைக் கடித்தான். தோள் இம்மியும் ஏறவில்லை. முற்றமே பார்த்துக்கொண்டிருந்தது.

மாமா கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். அப்புறம் சொன்னார்: "ஆண்டிச்சாமி முன்தண்டுல இருக்கட்டும். அவன் பக்கத்துல வெள்ளைத்துரை நிக்கட்டும். பால்பாண்டி இந்த வருசம், பல்லக்கு நிக்கிற எடத்துல தண்டுக்கு முட்டுக் கொடுக்கக் கவைக்கம்பு கொண்டு வரட்டும்." வெள்ளைத்துரை இருபத்தைந்து வயதுக்காரன், பனை மாதிரி நெட்டையாக நிற்பவன். பலகையை வைத்தார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. ஜனங்கள் குலவையிட்டார்கள். ஆண்டிச்சாமிக்கு அந்தக் குலவை காதில் ஏறவே இல்லை.

கோயில் கிணற்றடியில் பால்பாண்டி காலைக் கழுவிக்கொண்டிருந்தான். ஆண்டிச்சாமி போய் நின்றான்.

"எப்ப இருந்துடா இப்படி?"

"என்ன எப்படி?"

"டேய், என் கண்ணைப் பாத்துச் சொல்லு."

பால்பாண்டி வாளியைக் கவிழ்த்து வைத்தான். "ஆறு வருசம் இருக்கும். நீ கொஞ்சங் கொஞ்சமா எறங்க ஆரமிச்ச மாப்ள. உனக்குத் தெரியல. தாம்பாளம் வச்சா உன் பக்கம் போயிரும்ண்டு எனக்குத் தெரியும். நானும் கொஞ்சம் எறங்கிக்கிட்டேன். முதல் வருசம் கொடியேத்தத்தன்னைக்கு மட்டுந்தான் எறங்கினேன். அப்புறம் பாத்தா, வண்டியில உக்காந்தாலும் அப்படியே வந்திருச்சு. அந்தக் கூனு ஒட்டிக்கிட்டுப் போயிருச்சு, அம்புட்டுத்தான்."

"என்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ தண்ட விட்டுருவ. அதுக்கா நான் எறங்கினேன்?" அவன் சிரிக்கப் பார்த்தான். "நீ எப்படி மாப்ள ஏறின? அதைச் சொல்லு."

ஆண்டிச்சாமி சொன்னான். பாய், மூச்சு, நூறு, முத்துத்தாய், எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் குரல் சிறுத்துக்கொண்டே போயிற்று. ஒன்பது மாதம். பக்கத்தில் இன்னொரு பாய் விரிக்க வீட்டில் இடம் இருந்தது. நாலு பேர் சிரிப்பார்களே என்று பயந்து, தனக்காக முதுகையே கொடுத்தவனை வெளியே நிறுத்திவிட்டுத் தான் மட்டும் எழுந்து நின்றிருக்கிறான். "நான் தூக்கலைடா. வெள்ளைத்துரையும் வேற எவனும் தூக்கட்டும்" என்றான்.

பால்பாண்டிக்குக் கோபம் வந்து அவன் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தான். "நீ தூக்கணும்ண்டுதான் நான் ஆறு வருசம் குனிஞ்சேன். இப்ப நல்லா நின்னுக்கிட்டு, தூக்கலேன்னு சொல்லுவியா? அப்ப நான் குனிஞ்சது எதுக்குடா?" என்று வாளியைக் காலால் தள்ளிவிட்டுப் போய்விட்டான்.

திருவிழா அன்று கிழக்கு வெளுக்கும்போது பல்லக்கு எழும்பியது. ஆண்டிச்சாமி மூச்சை விலாவுக்கு அனுப்பி, வயிற்றை உள்ளே இழுத்து, தண்டுக்குத் தோளைக் கொடுத்தான். பாரம் தோளில் நிற்கவில்லை. முதுகு வழியாக இறங்கி, இடுப்பு வழியாக, கால் வழியாக, மண்ணுக்குப் போய்விட்டது. பதினைந்து வருஷத்தில் அம்மன் இவ்வளவு லேசாக இருந்ததில்லை. முன்பெல்லாம் தெரு முழுக்கத் தன் கால் கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டு போவான். இன்று ஊரைப் பார்த்தான். மாடியில் நின்று கும்பிடுகிற பெண்கள், புகைமூட்டத்தில் மிதக்கிற பாலம், அதற்கு அப்பால் இன்னும் கலையாத இருட்டு. எல்லாம் அவன் மூச்சோடு விரிந்து சுருங்கின. தான் நடக்கிறோமா, தெரு நகர்கிறதா என்றே தெரியாத அந்தச் சுகத்துக்கு நடுவில், சரியாகக் கண்ணுக்கு நேரே, கவைக்கம்புகளைக் கட்டி அணைத்துக்கொண்டு வளைந்த முதுகு ஒன்று போய்க்கொண்டிருந்தது. இந்தச் சுகமே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

படித்துறைக்கு மேலே பல்லக்கு நின்றது. பால்பாண்டி வந்து கவைக்கம்பைத் தண்டுக்கு அடியில் முட்டுக் கொடுத்தான். இரண்டு பேர் முகமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கிணற்றடிப் பேச்சுக்குப் பிறகு ஒன்பது நாள் இருவரும் பேசவில்லை.

"கனக்குதா?" என்று பால்பாண்டி கேட்டான்.

"இல்லை."

"ம்." அவன் கம்பை ஒருதரம் ஆட்டிப் பார்த்தான்.

"மாப்ள, நாளைக்குக் காலையில வீட்டுக்கு வா. வெறும் வயித்தோட வா. இருளாயி ரெண்டு பாய் விரிச்சு வைப்பா."

"இனிமே ஏறுமா?"

ஆண்டிச்சாமிக்குத் தெரியவில்லை. பொய் சொல்லவும் மனசு வரவில்லை. "எனக்குத் தெரியலைடா. எம்புட்டு நாள் ஆகும்னும் தெரியல. ஏறலைன்னாலும் வலி போகும், தூக்கம் வரும். மண்டியில உன் வண்டி நிக்கிற எடத்துல எல்லாருக்கும் கேக்கிற மாதிரி நானே சொல்றேன், ரெண்டு பேரும் பாயில படுத்துக் காலாட்டுறோம்ண்டு. சிரிக்கிறவன் சிரிச்சுக்கிரட்டும்."

பால்பாண்டி தோளில் கிடந்த துண்டை எடுத்து ஆண்டிச்சாமியின் முகத்தைத் துடைத்தான். வேர்வைதான் என்று பார்க்கிறவர்கள் நினைத்திருப்பார்கள். பிறகு அதே துண்டால் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டான்.

"தூக்குங்கப்பா" என்று சிவனாண்டி மாமாவின் குரல் வந்தது. பால்பாண்டி கம்பை உருவினான். "மூணாவது படியில கல்லு பேந்திருக்கு. பாத்து எறங்கு" என்று சொல்லிவிட்டு, முன்னால் போய் அந்தப் படியிலேயே நின்றுகொண்டான்.